ஆழச் சிரை

அத்தியாயம் 4

"மிரட்டின ஆசாமியோட நம்பர் இதுதான் மேடம். இனிமே சைபர் கிரைம்ல ஒரு ஆளைப் பிடிச்சு, டவர் எங்கேன்னு பார்த்து, சத்தமில்லாம நெருங்கி…"

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நாகம்மா மேடம் அந்த நம்பருக்கு டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அலோ, எளநி கடை வேலுசாமி. எத்தினி காய் ஓணும்?"

"கடை எங்கப்பா இருக்கு?"

"மொகப்பேர் ஈஸ்ட்டுக்கா. பிளாட்டு கேட்டுக்கு எதுத்தாப்புல வேப்பமரம் கீது பாரு, அதாண்ட."

மேடம் போனை வைத்தார். "நெருங்கியாச்சு. ஸ்கூட்டரை எடு, இருதயம்."

என் முழுப்பெயர் இருதயராஜ். மேடம் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார், என் சம்பளத்தைப் போலவே. கிளையண்ட் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது "இருதயம், கொஞ்சம் நில்லு" என்பார். வந்தவர்கள் பதறி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

மேடம் பாதி ஆயுளை அம்பத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு கழித்தவர். ஊரார் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கினார். விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபிறகு, கேட்கிற பழக்கம் போகாததால் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். பேட்டரிக் கடை மாடியில் ஒரே அறை. நான் உதவியாளர். எனக்கு உதவியாளர் கிடையாது என்பதால் டீ வாங்குவதும் நான்தான்.

ஸ்கூட்டர் பாடி பாலத்தடியில் சிக்னலுக்கு நின்றபோது கேஸை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தேன். எத்தனை முறை ஓட்டினாலும் சிரிப்புதான் வந்தது.

கிளையண்ட் ராகவன், ஐ.டி. கம்பெனிக்காரர். அப்பா சுப்பராயன், ஆவடி ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பொன்னம்மாள். மூவரும் முகப்பேரில் மூன்றாவது மாடி பிளாட்டில் இருக்கிறார்கள். சுப்பராயன் படியில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, போன வாரம்தான் பிரித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை பொன்னம்மாளின் போனுக்கு ஓர் அழைப்பு. ஆணா பெண்ணா என்று தெரியாத அமுங்கின குரல். "இடது கால்ல ஆழச் சிரை… அடிப்பேன்… உடனே… இல்லைன்னா உயிருக்கே ஆபத்து!" அவ்வளவுதான். லைன் கட்.

மிரட்டல்காரர்கள் பணம் கேட்பார்கள், பத்திரம் கேட்பார்கள். கால் முடியைக் கேட்டவனை நான் பார்த்ததில்லை. ராகவன் போலீசுக்குப் போயிருக்கிறார். ரைட்டர், "எந்தக் கால்னு தெளிவா சொல்லியிருக்கானே, நல்லவன்தான்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம்தான் எங்களிடம் வந்தார்.

இதைவிட விசேஷம், பொன்னம்மாள் அன்றைக்கு ராத்திரியே யாரிடமும் சொல்லாமல் கணவரின் சவர செட்டை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த மனுஷரின் இடது காலை முழுசாக மழித்துவிட்டார். விடிந்து எழுந்தவர் தன் காலைப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை வந்த கேஸ் இது. நான்தான் 'கிறுக்கு' என்ற தலைப்பின் கீழ் போட்டு, நண்பர்களிடம் சொல்லிச் சிரித்து, ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளினேன். ராகவனும் அவசரப்படவில்லை. "ஞாயிறு காலைல வாங்க, ஆனா கொஞ்சம் லேட்டா வாங்க. வாரம் முழுக்க அப்பா முகத்தைக்கூடப் பாக்க முடியறதில்ல. அன்னிக்கு ஒரு நாள்தான் நான் மகன். எண்ணெய் காய்ச்சி அவர் காலை நல்லா நீவி விடணும்" என்றார். எனக்கே கண் கலங்கியது. நான் என் அப்பாவுக்கு ரீசார்ஜ் மட்டும்தான் செய்துவிடுகிறேன்.

வேப்பமரம் வந்தது. வேலுசாமி இளநீர்க் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு காய். ஒண்ணு தண்ணியா, ஒண்ணு வழுக்கையா" என்றார் மேடம். சீவுகிற நேரத்தில் சாதாரணமாகக் கேட்டார். "வியாழக்கிழமை உங்க போனை யாராவது வாங்கிப் பேசினாங்களாப்பா?"

"ஆமாக்கா. ஒரு அம்மா. மூஞ்சில மாஸ்க்கு. போன்ல சார்ஜ் இல்லன்னிச்சு, குட்த்தேன்."

"பார்க்க எப்படி இருந்தாங்க?"

"மாஸ்க்குல இன்னாத்தக்கா பாக்கறது? ஆனா ஒண்ணு. போனைக் குட்த்தவொடனே என்னைப் பாத்து, 'கூன் போடாம நேரா நில்லு'ன்னிச்சு. நானும் நின்னுட்டேன். ஏன் நின்னேன்னு இன்னி வரைக்கும் புரியல."

"மிரட்டற குரலா?" என்றேன் நான்.

"இன்னா அண்ணாத்தே நீ. அது அயுதுகினு பேசிச்சு."

மேடம் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார். "அழுதாங்களா? என்ன பேசினாங்கன்னு காதுல விழுந்துதா?"

"டிச்சு அடைப்புக்கா. கார்ப்பரேஷனுக்கு கம்ப்ளெயிண்ட்டு. 'அடைப்பு, அடைப்பு'ன்னு ரெண்டு தபா சொல்லிச்சு. உடனே பாக்கலைன்னா உசிருக்கே ஆபத்துன்னிச்சு. கரீட்டுதானே? கொசு எவ்ளோ கீது!"

"எங்க அடைப்புன்னு சொன்னாங்க?"

"ஏதோ தெரு பேருக்கா. ஆழ்… ஆழ்சிரைன்னு. இந்த ஏரியால அப்பிடி ஒரு தெருவே கெடையாது. நான் ஆட்டோ ஓட்டிகினு இருந்தவன், எல்லாத் தெருவும் தெரியும்."

மேடம் இளநீரை அப்படியே பெஞ்சில் வைத்தார். எக்ஸ்சேஞ்சில் ராங் நம்பர் மாட்டிக்கொண்டால் எப்படி இருந்திருப்பாரோ, அப்படி ஒரு முகம்.

"இருதயம், ஆஸ்பத்திரியில கையில ஊசி போடறப்ப நர்ஸ் எதைத் தேடுவாங்க?"

"நரம்பை. என் கையில கிடைக்கவே கிடைக்காது. மூணு பேர் மாறி மாறிக் குத்துவாங்க."

"டாக்டர் அதை என்னன்னு சொல்வார்?"

"வெயின்."

"பள்ளிக்கூடப் புஸ்தகத்துல?"

"நான் இங்கிலீஷ் மீடியம் மேடம். ரெண்டு மொழியும் அரைகுறை."

"நான் தமிழ் மீடியம். அதுக்குப் பேரு சிரை."

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. மேடம் பொறுமையாக, ஆனால் வேகமாகச் சொன்னார். "நெஞ்சுலேருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோற குழாய் தமனி. திரும்பக் கொண்டுவர்றது சிரை. எக்ஸ்சேஞ்ச் கணக்குல சொன்னா தமனி அவுட்கோயிங், சிரை இன்கமிங். ரெண்டுக்கும் நடுவுல வீட்டுக்கு வீடு போற மெல்லிசு ஒயர் தந்துகி. சிரையில சிலது தோலுக்கு அடியிலேயே ஓடும், நீலமாத் தெரியும். சிலது சதைக்கு உள்ளே ஆழத்துல ஓடும். அது…"

"ஆழ்சிரை" என்றேன்.

"அந்தம்மா சொன்னது, 'இடது கால்ல ஆழ்சிரை அடைப்பு'. பொன்னம்மாள் காதுல விழுந்தது 'ஆழச் சிரை, அடிப்பேன்'. பக்கத்துல குக்கர் விசில் அடிச்சிருக்கும்."

"அப்ப அது மிரட்டல் இல்லையா?"

"எச்சரிக்கை. மாவுக்கட்டுக்குள்ள ஆடாம அசையாமக் கிடந்த காலு. உள்ளே ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கு. உட்கார்ந்த இடத்துல அது இருக்கிற வரைக்கும் கொஞ்சம் அவகாசம் உண்டு. யாராவது அழுத்திப் பிடிச்சு, அது கழண்டு இன்கமிங் லைன்ல ஏறிடுச்சுன்னா…"

"எங்கே போகும்?"

மேடம் என்னையே பார்த்தார். "இருதயத்துக்கு. அங்கேருந்து நுரையீரலுக்கு. அங்க போய் அடைச்சா முடிஞ்சுது."

யாராவது அழுத்திப் பிடித்தால். எண்ணெய் காய்ச்சி. நல்லா நீவி விட்டால்.

ராகவனுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. கை முழுக்க எண்ணெயாக இருக்கும் மனுஷர் எப்படி எடுப்பார்? ரெண்டு நாளாகச் சிரித்த சிரிப்புக்கெல்லாம் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

ரோட்டைத் தாண்டி ஓடினோம். "யக்கா, காசு!" என்று வேலுசாமி பின்னாலிருந்து கத்தினார். லிஃப்ட் கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. முத்து முத்தான கையெழுத்தில், 'மின்தூக்கி பழுது. படிகளைப் பயன்படுத்தவும்.' எனக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஒரு நொடி ஆனது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே மேடம் முதல் மாடியில் இருந்தார். அவர் வயசு என் வயசைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

மூன்றாவது மாடியில் ராகவன் வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்தே கிடந்தது. ஹாலில் நாற்காலியில் சுப்பராயன், வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். தரையில் ராகவன், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். வலது கால் முடிந்து பளபளத்தது. இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயை எடுத்துத் தேய்த்து, சூடு பார்த்து, இடது ஆடுசதையை நோக்கிக் குனிந்தார்.

"கையை எடு!"

ஊர் ஊருக்கு டிரங்க் கால் போட்ட குரல் அது. ராகவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டு எழுந்தே விட்டார். அடுக்களையிலிருந்து பொன்னம்மாள் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அந்தக் காலைத் தொட்டீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம், இப்பத்தான்… அப்பாதான் அது வலிக்குது, கடைசியா பண்ணுன்னாரு. ஒண்ணுமில்ல, நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கு. நல்லா அழுத்தி நீவிட்டா…"

"அழுத்தி நீவினா அப்பா இருக்க மாட்டார்."

முதல்முறையாக அந்தக் காலைப் பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி மழமழவென்று இருந்தது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். வலது கால் ஒல்லிக் குச்சி, இடது கால் அதைப்போல ஒன்றரைப் பங்கு. சிவந்து, தோல் இழுத்துக் கட்டினாற்போல மினுங்கியது.

"இந்த வீக்கத்தை யாருமே பாக்கலியா?"

"கட்டுப் பிரிச்சா கொஞ்ச நாள் வீங்கும்னு சொன்னாங்களே" என்றார் ராகவன். குரல் பாதியாகிவிட்டது.

"சூடா இருந்துச்சும்மா" என்றார் பொன்னம்மாள் மெல்ல. "சிரைக்கறப்ப என் கையில பட்டுச்சு. அடுப்பு மாதிரி. நான்தான் பயத்துல…" கரண்டியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் 108-ஐ அழைத்தேன். மேடம் சுப்பராயனிடம், "சார், ஆடாம உக்காருங்க. வீரத்தையெல்லாம் ஃபாக்டரியிலேயே காட்டி முடிச்சிருப்பீங்க" என்றார். சுப்பராயன் மகனைப் பார்த்தார். தரையில் எண்ணெய் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது. ராகவன் தன் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி, யாருடைய கைகளோ போல, தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"ஏன்டா அப்பிடி நிக்கிற? வலது கால் சுகமாத்தான்டா இருக்கு" என்றார் அப்பா.

ராகவன் அப்போதுதான் அழுதார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியிறங்கினார்கள். சத்தம் கேட்டு மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. எல்லோரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதிர் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. மேடம் போகவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வீட்டில யார் இருக்காங்கம்மா?"

பொன்னம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஜெகதாம்பாள் டீச்சர். அவங்களோட பேச்சு வார்த்தை இல்லம்மா. படியில தண்ணி ஊத்திக் கழுவுற தகராறு." வாக்கியத்தை முடித்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் மேடத்திடம் குனிந்தேன். "போன் பண்ணினது இவங்கதானா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கீழே லிஃப்ட்ல என்ன எழுதியிருந்தது?"

"மின்தூக்கி பழுது."

"லிஃப்டை மின்தூக்கின்னு எழுதற கைதான், வெயினை ஆழ்சிரைன்னு சொல்லும். அதோட, அந்தக் காலைப் பாக்காம அடைப்புன்னு சொல்ல முடியாது. கட்டுப் பிரிச்சதிலேருந்து அவர் இந்தத் திறந்த வாசலுக்கு நேராத்தான் உக்கார்ந்திருப்பார். நேர் எதிர்ல யாரு?"

கதவில் இருந்த சின்ன லென்ஸ் ஒரு கணம் இருண்டு மறுபடி வெளுத்தது. மேடம் பெல்லை அடிக்கவில்லை. லென்ஸைப் பார்த்தே பேசினார்.

"டீச்சர், உயிரோடதான் போயிருக்கார். கதவைத் திறங்க."

தாழ்ப்பாள் விலகியது.

அறுபத்தைந்து வயது இருக்கும். விசிறி மடிப்பு எடுத்த காட்டன் புடவை. நாங்கள் உட்கார்ந்தோம். நான் என்னையறியாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"உயிரியல். தமிழ் வழி. பட்டாபிராம்ல வேலை" என்றார் ஜெகதாம்பாள், யாரும் கேட்காமலே. "நேரா எதிர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம்தானேன்னு கேப்பீங்க."

"கேக்கணும்" என்றார் மேடம்.

"அவர் விழுந்தது என் தண்ணியில. சோப்புத் தண்ணி விட்டுப் படியைக் கழுவினேன். துடைக்க மாப் எடுக்க உள்ளே வந்தேன். சத்தம் கேட்டுது. லென்ஸ் வழியாப் பார்த்தேன். படியில கிடந்தார். நான்…" புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "திறக்கலை. எல்லாரும் ஓடிவந்து தூக்கிட்டுப் போனாங்க. தேஞ்ச செருப்புன்னு பேசிக்கிட்டாங்க. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எந்த முகத்தோட போய், 'உங்க காலைக் காட்டுங்க'ன்னு நிப்பேன்?"

"ஆனா போன்ல, கேக்கறவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன். "நரம்புல ரத்தம் கட்டியிருக்குன்னு சொல்லியிருந்தா…"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

அறையே அதிர்ந்தது. நான் பெஞ்சு மேல் ஏறி நிற்கத் தயாராகிவிட்டேன்.

அவர் குரல் உடனே இறங்கியது. "என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். டைபாய்டு வந்து ரொம்ப நாள் படுக்கையில கிடந்தார். எழுந்ததும், 'ஜெகதா, கால்ல நரம்பு இழுக்குது'ன்னார். நான் பக்கத்துல உக்காந்து நீவி விட்டேன். 'அப்பாடா, சுகமா இருக்கு'ன்னார். எழுந்து தண்ணி குடிக்கப் போனார். அடுக்களை வரைக்கும் போகலை."

மேடம் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். போர்டுல சிவப்புச் சாக்பீஸ்ல தமனி, நீலச் சாக்பீஸ்ல சிரை. ஆழ்சிரை ரத்த உறைவு, அறிகுறிகள் எழுதுக. எத்தனை பசங்களுக்கு மார்க் போட்டிருக்கேன்! வீட்டுல அவர் கால் வீங்கினப்ப, எனக்கும் அது வெறும் நரம்புதான். பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கே தோணலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிலேருந்து அதைச் சொல்றதில்லை. சரியான வார்த்தையைச் சொன்னா தப்பு நடக்காதுன்னு நினைச்சேன்."

அவர் சரியான வார்த்தையைச் சொன்னதால்தான் இந்தக் குளறுபடியெல்லாம் நடந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேடம்தான் சொன்னார், மிக மெதுவாக. பொன்னம்மாள் என்ன கேட்டார், என்ன செய்தார் என்று.

ஜெகதாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அதனாலதான் அந்தக் காலு அப்படி… லென்ஸ்ல பார்த்தேன். ஆபரேஷனுக்குத் தயார் பண்ணியிருக்காங்க, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேனே!"

வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன். அன்றைக்கு எழுந்து போய் அவர் வீட்டுப் பானையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் போல அங்கேயே காத்திருந்தபிறகு என் போன் அடித்தது. பொன்னம்மாள், ராகவனின் போனிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டேன். ஜெகதாம்பாளின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"தம்பி, ஸ்கேன் பார்த்துட்டாங்க. அடைப்புதானாம். தொடை வரைக்கும் இருக்காம். ரத்தத்தை இளக்க ஊசி போட்டிருக்காங்க. காலை அமுக்காமக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சுன்னாங்க."

ஜெகதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் போனை வாங்கினார். "அம்மா, அன்னிக்குப் போன் பண்ணினது யாருன்னு தெரிஞ்சுடுச்சு. அவங்க இங்கதான் இருக்காங்க." போனை டீச்சர் பக்கம் நீட்டினார்.

டீச்சர் அதைத் தொடவில்லை. தொடாமலே பேசினார். "பொன்னம்மா… எதிர் வீட்டு ஜெகதா. நான்தான் பேசினேன். அது மட்டும் இல்ல. அவர் விழுந்தது என் சோப்புத் தண்ணியில. பார்த்துட்டும் கதவைத் திறக்கலை. என்னை என்ன வேணா சொல்லுங்க."

அந்தப் பக்கம் வெறும் ஆஸ்பத்திரி இரைச்சல்.

"உங்க தண்ணி காஞ்சு போச்சு டீச்சர்" என்றார் பொன்னம்மாள்.

"என்ன?"

"நீங்க கழுவி ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் நான்தான் மாவுப் பாத்திரம் கழுவின தண்ணியைப் படியோரச் செடித் தொட்டியில ஊத்தினேன். வழிஞ்சு படியில ஓடிச்சு. துணி எடுக்க வந்தேன், அதுக்குள்ள பால் பொங்கிருச்சு. பழி செருப்பு மேல போச்சு, நான் வாயைத் திறக்கலை. அந்தப் போன் வந்தப்ப, யாரோ என்னைப் பார்த்துட்டாங்கன்னு நினைச்சேன். அதான் என்ன ஏதுன்னு யோசிக்காம, சொன்னதைச் செஞ்சுட்டேன்."

"இல்ல பொன்னம்மா, சத்தம் கேக்கறப்ப நான் மாப்பைத் தேடிட்டிருந்தேன்…"

"எனக்குத் தெரியாதா? மாவுத் தண்ணிதான் வழுக்கும்."

"சோப்பு வழுக்காதா?"

எங்கள் தொழிலில் ஒரு குற்றவாளியை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இங்கே இரண்டு பேர் ஒரே குற்றத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ராகவனின் விசும்பல் வேறு. மூன்றாவது ஆளாக அவரும் வரிசையில் நிற்பது தெரிந்தது. நான் நாலாவதாக நின்றேன், யாரும் கவனிக்கவில்லை.

மேடம் போனை டீச்சர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

பொன்னம்மாள் மூக்கை உறிஞ்சினார். "டீச்சர், இங்க டாக்டரு இங்கிலீஷ்ல ஏதேதோ சொல்றாரு. ராகவன் எல்லாத்துக்கும் தலையை ஆட்டுறான். எனக்கு ஒண்ணும் பிடிபடல. இவருக்கு என்ன ஆச்சு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னு… நீங்க வந்து எனக்குச் சொல்றீங்களா?"

ஜெகதாம்பாள் அதற்குள் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கதவைப் பூட்டும்போது கை நின்றது. "ஆழ்சிரைன்னா மறுபடி குழம்பிடுவாங்க. வெயின்னு சொன்னா டாக்டர் சொன்னதுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல. என்னன்னு சொல்லட்டும்?"

"நரம்புன்னே சொல்லுங்க டீச்சர்" என்றார் மேடம். "அவங்க காதுக்குள்ள போற வார்த்தை அது ஒண்ணுதான்."

"என் வாயில வராது."

"வரணும்."

நாங்கள் இறங்கினோம். மேடம் முன்னால், நான் கடைசியில், நடுவில் டீச்சர், கைப்பிடியைப் பிடித்தபடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். முதல் மாடியில் சத்தம் வந்தது. வகுப்புக்குப் போகுமுன் பாடத்தை ஒத்திகை பார்க்கிற குரல்.

"ரத்தம் திரும்பிப் போற… ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பிப் போற நர… நரம்பு, பொன்னம்மா. அதுல அடைப்பு. அந்த நரம்பை யாரும் அமுக்கக் கூடாது."

கீழே கேட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.